ஆமைக் குஞ்சின் ஓட்டில் எத்தனை கட்டம்?



வீட்டுத் தொட்டியில் ஆமைக் குஞ்சு வளர்க்கிறீங்களா? அதன் முதுகை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. (அதே கையோட சாப்பிட உட்காராதீங்க. காரணம் கீழே வருது.)

கடைகளில் பச்சை நிறத்தில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு விற்கும் குஞ்சு, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமை. அதன் முதுகு ஓட்டின் நடுவில் 5 பெரிய கட்டங்கள், இரண்டு பக்கமும் நாலு நாலு. ஆக 13. ஓரத்தைச் சுற்றி 25 சின்னக் கட்டங்கள். சில குஞ்சுகளுக்கு மட்டும் நடுவில் 6 அல்லது 7 இருக்கும், அல்லது ஒரு பக்கம் கோணலாக ஒன்று கூடுதலாக இருக்கும்.

இது நோயா, ஊனமா, அபூர்வ வகையா? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு உண்டு.

1899இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த விலங்கியல் அறிஞர் ஹான்ஸ் காடோ, கடலாமைகளின் ஓடுகளை எண்ணினார். குஞ்சுகளில் கூடுதல் கட்டங்கள் நிறைய, வளர்ந்த ஆமைகளில் குறைவு. உடனே ஒரு முடிவுக்கு வந்தார்: ஆமைகளின் ஆதி முன்னோருக்கு நிறைய கட்டங்கள் இருந்தன, குஞ்சு அந்தப் பழைய வடிவத்தில் பிறக்கிறது, வளர வளர கட்டங்கள் குறைந்து சரியாகிவிடுகிறது.

கேட்க அழகான கதைதான். ஆனா ஒரு டாக்டரா எனக்கு இங்கே உறுத்துது. பிறவிக் குறைபாடுகளைப் பச்சிளம் குழந்தைகள் வார்டில் எண்ணுங்க, அப்புறம் 60 வயதுக்காரர்கள் வரும் ஓபியில் எண்ணுங்க. ஓபியில் குறைவாத்தான் இருக்கும். எல்லாருக்கும் தானா சரியாகிவிட்டது என்று சொல்லலாமா? எண்ணுவதற்கு உயிரோடு வராதவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1910இல் ஆர். ஈ. கோக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் காடோவின் கருத்தை மறுத்து எழுதினார். வட கரோலினாவின் போஃபோர்ட்டில் அரசு மீன்வள ஆய்வகத்தில் அவர் வேலை பார்த்தது டெர்ரபின் ஆமைகளோடு. (பணக்காரர்களின் சூப்புக்காக அந்த ஆமை அழியும் அளவுக்குப் பிடிக்கப்பட்டதால், பண்ணையில் வளர்க்க முடியுமா என்று பார்த்துக் கொண்டிருந்தார்கள். எல்லா ஆராய்ச்சிக்கும் பின்னால் ஒரு வயிறு இருக்கும்போல.) கூடுதல் கட்டம் முன்னோரின் ஞாபகம் என்பதை அவர் ஏற்கவில்லை.

இன்று நமக்குத் தெரியும்: முட்டையிலிருந்து வந்த பிறகு கட்டங்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. 7 என்றால் சாகும் வரை 7.

1950இல் லின், உல்ரிச் என்ற இருவர் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஆமை முட்டைகளை அடைகாக்கும்போது வேண்டுமென்றே ஈரத்தைக் குறைத்தார்கள். கோணல் ஓட்டோடு குஞ்சுகள் வந்தன. வெப்பமும் அப்படித்தான். இந்த ஆமைகளில் ஆணா பெண்ணா என்பதையே அடைகாக்கும் வெப்பம்தான் முடிவு செய்யுது: சுமார் 26 டிகிரியில் ஆண், 31இல் பெண். அளவுக்கு மீறிச் சூடானால் ஓட்டின் நிறமும் வெளிறிப் போகலாம். அப்படிப் பிறந்ததை 'பேஸ்டல்' என்று தனிப் பெயர் வைத்து விற்கிறார்கள்.

ஆக, கூடுதல் கட்டம் என்பது அந்த முட்டை மண்ணுக்குள் பட்ட பாட்டின் பதிவு. ஆமை நல்லா சாப்பிட்டு நீந்தினால் வைத்தியம் எதுவும் வேண்டாம். ஓடு அமுக்கினால் மெத்துன்னு இருந்தா அது வேற விஷயம். கால்சியமும் வெயிலும் போதாமல் வருவது, நம்ம குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் மாதிரி.

இப்போ அந்தக் கை கழுவும் விஷயம்.

கடந்த நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கடைகளில் சில்லறைக் காசுக்கு ஆமைக் குஞ்சு கிடைத்தது. பிளாஸ்டிக் கிண்ணம், அதில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம். ஓட்டின் மேல் பூவும் ஊர்ப் பெயரும் பெயின்டில் வரைந்து விற்றார்கள். பெயின்ட் ஓட்டை வளர விடாது, ஆமை கோணிப்போய்ச் செத்தது. அதற்காகச் சிலர் குரல் கொடுத்தார்கள். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சால்மோனெல்லாவை யாரும் பார்க்கவில்லை.

1970களின் தொடக்கத்தில் ஆமையால் வரும் சால்மோனெல்லா தொற்று அமெரிக்காவில் ஆண்டுக்கு 2,80,000 என்று மதிப்பிட்டார்கள். 1975இல் எப்.டி.ஏ. தடை போட்டது: ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் வளர்ப்புக்கு விற்கக் கூடாது. ஏன் 4? அதைவிடச் சின்னதுதான் குழந்தையின் வாய்க்குள் போகும். அந்தத் தடை ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் குழந்தைகளை நோயிலிருந்து காத்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள்.

ஏற்றுமதிக்குத் தடை இல்லை. லூசியானா பண்ணைகள் வெளிநாட்டுக்கு அனுப்பின. கிருமி போக, முட்டைகளை ஜென்டாமைசினில் முக்கினார்கள். ஆமாங்க, பச்சிளம் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி ஏறினால் நாங்க போடுற அதே ஜென்டாமைசின்! கொஞ்ச காலத்தில் அந்த மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா அந்த முட்டைகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. எனக்கு இந்த வரலாற்றிலேயே வயிற்றைக் கலக்கும் இடம் இதுதான்.

2007இல் புளோரிடாவில் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை ஒன்று இறந்தது. வீட்டில் ஒரு குட்டி ஆமை இருந்தது. இரண்டிலும் ஒரே கிருமி.

ஆமை பார்க்க ஆரோக்கியமாத்தான் இருக்கும். 13 கட்டமும் கச்சிதமா இருக்கும். கிருமி அதன் குடலில் குடியிருக்கும், மலத்தோடு தண்ணீரில் கலந்து ஓட்டில் ஒட்டும்.

அதனால் 5 வயதுக்குள் குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் உள்ள வீட்டில் ஆமை வேண்டாம். தொட்டித் தண்ணீரை சமையலறை சிங்க்கில் கொட்டாதீங்க. வேண்டாம்னு முடிவு பண்ணினா ஊர்க் குளத்தில் விடாதீங்க, நம்ம ஊர் ஆமைகளின் இடத்தை அது பிடிச்சுக்கும். குழந்தைக்குக் காய்ச்சலும் பேதியுமா ஆஸ்பத்திரிக்கு வந்தா, நாங்க கேட்காவிட்டாலும் "வீட்டில் ஆமை இருக்கு டாக்டர்"னு நீங்களே சொல்லிடுங்க.