கிறெய்க் கண்ட அரங்கு



மேடையின் பின்னே தொங்கும் சீலையில் தூணையும் மரத்தையும் எழுதிவிட்டால் அரண்மனையும் வனமும் வந்துவிடும் என்று ஐரோப்பிய நாடகக்காரர் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. மேடை விளிம்பிலே வரிசையாக எரிந்த விளக்குகள் நடிகனின் நாடியை வெளுப்பித்துப் புருவ நிழலை நெற்றியில் ஏற்றும். இவ்வழக்கத்தை முறித்தோருள் முதன்மையானவர் எட்வேர்ட் கோர்டன் கிறெய்க். சுவிற்சர்லாந்தின் அடோல்ப் அப்பியாவும் இதே காலத்தில், தனிவழியே, இதே முடிவுக்கு வந்தவர்.

1872இல் பிறந்த கிறெய்க்கின் தாயார் புகழ்பெற்ற நடிகை எலன் டெரி; தந்தையார் கட்டடக் கலைஞர் கொட்வின். ஹென்றி இர்விங்கின் குழுவில் நடிகராகச் சில ஆண்டுகள் பயின்று, பின் நடிப்பைக் கைவிட்டார். 1900இல் இலண்டனிலே, மார்ட்டின் ஷோ என்னும் இசைஞரோடு கூடி, பேர்செலின் 'டைடோவும் ஈனியஸும்' என்னும் இசைநாடகத்தை மேடையேற்றினார். ஆடியோர் பெரும்பாலும் தொழில்முறைக் கலைஞர் அல்லர். ஆட்டமும் மூன்றே இரவுகள். விளிம்பு விளக்குகளை அகற்றி, ஒளியை மேலிருந்து பொழியவிட்டார். எழுதிய காட்சி எதுவுமில்லாத பின்சீலையின்மேல் ஒளி மாறமாற வானமே மாறியது.

1905இல் வெளிவந்த அவரது சிறுநூல், அசைவும் சொல்லும் கோடும் நிறமும் லயமும் கூடிப் பிறப்பதே நாடகம். அவற்றை ஒரே மனம் ஆளவேண்டும் என்று வாதித்தது. நெறியாளருக்கு இன்றுள்ள அதிகாரத்துக்கு இந்நூல் இட்ட அடித்தளம் பெரிது.

அவர் வகுத்த மற்றொன்று, மடித்தும் விரித்தும் வைக்கத்தக்க நெடிய தட்டிகள். 1911இல் கவிஞர் யேற்ஸ் அவற்றை டப்ளின் அபே அரங்கில் பயன்படுத்தினார். 1912இன் தொடக்கத்தில் மொஸ்கோவிலே, ஸ்ரனிஸ்லாவ்ஸ்கியின் துணையோடு, ஹம்லெற் அத்தட்டிகளிடையே அரங்கேறியது. உயரத்தே அமர்ந்த அரசன் தோளிலிருந்து இறங்கிய பொன்னாடை மேடையெங்கும் பரவ, அதனூடே அவையோரின் தலைகள் மட்டும் வெளித்தோன்ற, கீழே கரிய உடையில் இளவரசன் தனித்திருந்தான். சொல் பிறக்குமுன்பே அவன் துயரம் அவையோர்க்கு விளங்கிவிட்டது. ஆட்டத்துக்குச் சற்றுமுன் தட்டிகள் சரிந்து வீழ்ந்தன என ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி எழுதினார், கிறெய்க் மறுத்தார். எவ்வாறாயினும், பார்ப்போர் கண்ணெதிரே நகரவேண்டிய தட்டிகளைத் திரைக்குப் பின்னேதான் நகர்த்த நேர்ந்தது.

தட்டிகளைவிட அவரைத் தொல்லைப்படுத்தியவன் நடிகன். கணத்துக்குக் கணம் மாறும் உணர்ச்சிக்கு அடிமையான உடல் கலைக்குத் தகுந்த கருவியாகாது எனக் கருதி, அவனிடத்தில் ஓர் 'உயர் பாவை'யை வேண்டினார். நடிகர்கள் சினந்தனர், அச்சினத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அவர் தேடியது மரப்பொம்மையையன்று, கட்டுப்பாடு நிறைந்த உடலையே என்று கொள்ளுதல் பொருந்தும்.

அத்தகைய உடல் கீழைத்தேயத்தில் உண்டு என்று அவருக்கு எடுத்துரைத்தவர் கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. புளோறன்சிலிருந்து கிறெய்க் நடத்திய 'முகமூடி' என்னும் சஞ்சிகையில், 1913இல், இந்திய நாடக உத்திகள் பற்றி அவர் எழுதினார். அவ்வாண்டே கிறெய்க் அந்நகரில் தொடங்கிய நாடகப் பள்ளியை மறுவருடம் மூண்ட உலகப்போர் மூடிவிட்டது. 1917இல் குமாரசுவாமி, துக்கிராலவுடன் சேர்ந்து, அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிறெய்க் பலமுறை விவரம் கேட்டதை அதன் முன்னுரையின் தொடக்கத்திலேயே குறிப்பிட்டுள்ளார். 1966இல் பிரான்சின் தென்பகுதியில் மறையும் வரை கிறெய்க்குக்குத் தமக்கென ஓர் அரங்கு வாய்க்கவில்லை.