கோட்டைக்கு அப்பாலும் செஞ்சி

2025 ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, மராட்டியர் ஆண்ட 12 கோட்டைகளை ஒரே தொகுதியாக உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. அந்த மகிழ்ச்சியில் பூக்கும் இம்மலருக்கு ஊரின் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். கோட்டையை மட்டும் எழுதிவிட்டு எழுந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் போகிற வழியில் இரண்டு மணி நேரம் இறங்கி, ராஜகிரியின் அடிவாரத்தில் படம் எடுத்துக்கொண்டு வண்டியேறுகிறவர்கள் செஞ்சியின் ஒரு மூலையைத்தான் பார்த்துப் போகிறார்கள்.

ஆனாலும் தொடங்க வேண்டிய இடம் கோட்டைதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து முக்கோணமாக வளைத்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரியை ராணிக்கோட்டை என்றே ஊரில் சொல்வோம். ஆனந்தக் கோன் என்பவர் முதலில் அரண் எழுப்பியதாக மரபுவழிக் கதை உண்டு. இன்று நாம் நின்று வியக்கும் நெற்களஞ்சியங்கள், குளங்கள், வேங்கடரமணர் கோயில் ஆகியவற்றில் பெரும்பகுதி நாயக்கர் காலத்துக் கொடை. 1597இல் இங்கே வந்த பிமெண்டா என்ற இயேசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்ட பெரிய நகரங்களில் இதுவும் ஒன்று என்று எழுதி வைத்தார். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை நாயக்கரிடமிருந்து கோட்டையைப் பறித்தது. 1677இல் சிவாஜி அதைக் கைப்பற்றி, பழைய மதில்களை இடித்தும் தடித்த அரண்களைக் கட்டியும் பலப்படுத்தினார். அந்த வேலையின் அருமை அவர் மகன் ராஜாராம் காலத்தில்தான் தெரிந்தது. ராய்கட் கோட்டை முகலாயரிடம் வீழும் நிலையில் தப்பி வந்த ராஜாராமுக்குச் செஞ்சியே தலைநகர் ஆயிற்று. 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் போட்ட முற்றுகை 1698 வரை நீண்டது. கோட்டை விழுந்தபோது ராஜாராம் கையில் அகப்படவில்லை.

உலக மரபுத் தகுதி கிடைத்திருப்பது மராட்டியரின் இந்த இருபத்தோரு ஆண்டுகளை வைத்து. அவற்றில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் முற்றுகையிலேயே கழிந்தன. அதன் பிறகு ஆற்காட்டு நவாபு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. பிரெஞ்சுக்காரர் இங்கிருந்து கொண்டுபோன செதுக்குத் தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. அங்கே மாலைக்காற்று வாங்கும் எத்தனை பேருக்கு அவற்றின் பிறந்த ஊர் தெரியும்? ஒரு சிறிய பலகையாவது வைக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

ராஜகிரி உச்சிக்கு ஏறுகிறவர்கள் காலையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும், குரங்குகளும் தின்பண்டப் பையை விடா. பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் இருக்கிறாள். உச்சியை நெருங்கும்போது பாறை ஆழமாகப் பிளந்துகிடக்கிறது. பிளவின் மேல் போட்ட பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வேறு வழி கிடையாது. பெரும்படையைச் சில பேர் தடுத்து நிறுத்திய சூட்சுமம் அந்த இடத்தில் நின்றால் சொல்லாமலே விளங்கும். கோட்டைக்குள் சாதத்துல்லா கானின் மசூதி, வேங்கடரமணர் கோயில், மலை மேல் ரங்கநாதர் சன்னிதி எல்லாம் ஒருங்கே இருப்பதையும் பார்க்க வேண்டும்.

தேசிங்கு ராஜனைச் சொல்லாமல் செஞ்சியைச் சொல்ல முடியாது. கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, இருந்த சொரூப் சிங்கின் மகன் தேஜ் சிங்தான் மக்கள் வாயில் தேசிங்கு ஆனவன். நவாபு கேட்ட திறையைக் கொடுக்க மறுத்து, 1714இல் சிறுபடையோடு போய் விழுந்தான். அப்போது இருபதுகளைத் தாண்டாத இளைஞன். அவனும் அவன் தோழன் மகமத் கானும் குதிரையும் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் வாழ்கிறார்கள். தோழனும் குதிரையும் அடங்கிய இடமென்று நீலாம்பூண்டியில் காட்டுகிறார்கள். வடநாட்டிலிருந்து வந்த ராஜபுத்திரனை, கப்பம் கட்ட மறுத்த ஒரே காரணத்துக்காக, தமிழ்க் கிராமங்கள் தம் பிள்ளையாக எடுத்துக்கொண்டன.

அவன் கடைசியாகக் கும்பிட்ட கோயில் சிங்கவரம் என்பார்கள். போருக்குப் போகாதே என்று தடுத்த பெருமாள், அவன் கேளாததால் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. ஊருக்கு வடக்கே சிறிது தொலைவில், படியேறிப் போனால் பல்லவர் குடைந்த குகைக்குள் ரங்கநாதர் மலைப்பாறையிலேயே பள்ளிகொண்டிருக்கிறார். உள்ளே நின்று அவரை முழுதாகக் காண, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நாம் நடக்க வேண்டியிருக்கிறது. கோட்டை மதில்கள் எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வெட்டப்பட்ட மூர்த்தி அவர்.

சிங்கவரத்தை அடுத்து நிற்கிறது திருநாதர்குன்று. என் கருத்தில் செஞ்சி வட்டாரத்தின் மிக உயர்ந்த இடம் இதுதான். பெரிய பாறையொன்றின் முகப்பில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அருகே பாறையில் ஒரு பழங்கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்கிறது. 30 நாள் நோன்பிருந்த இளைய பட்டாரர் என்பவருக்கும் அங்கே கல்வெட்டு உண்டு. அந்தப் பாறையருகே உட்கார்ந்தால் வெறுமையான வானமும் கீழே வயல்களும்தான். இப்படி ஓர் இடத்தில் சுண்ணாம்பாலும் ஆணியாலும் பெயர் எழுதிவிட்டுப் போக எவருக்காவது எப்படிக் கை வருகிறது என்று நெஞ்சு பொறுக்காமல் கேட்கிறேன். பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் இதை முன்கூட்டியே சொல்லி அழைத்து வர வேண்டும்.

சமணம் இங்கே கல்லில் உறைந்துபோன பழங்கதை அன்று. தொண்டூரில் ஒரு குன்றடியில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த கல்வெட்டு, அகழூரின் அறமாக மோசி என்பவர் துறவிகளுக்குக் கற்படுக்கை வெட்டித் தந்ததைக் குறிக்கிறது. அந்த அகழூர் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. அங்கே தமிழ்ச் சமணர்களான நயினார் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் அறச்செயலின் ஊரும் நெறியும் ஒருங்கே நிலைத்திருப்பதைத் தமிழ்நாட்டில் வேறெங்கே தேடுவது?

அந்த நெறிக்குத் தலைமையிடம் செஞ்சிக்குக் கிழக்கே உள்ள மேல்சித்தாமூர். காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய ஜினகாஞ்சி மடம் இங்கே இருக்கிறது. லட்சுமிசேனர் என்னும் பட்டம் தாங்கிய பட்டாரகரே தமிழ்ச் சமணர்களின் குருபீடம். மலைநாதர் கோயில் பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர், தருமதேவி ஆகியோரைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். பார்சுவநாதருக்கு உயர்ந்த கோபுரத்தோடு தனிக் கோயில் உண்டு. சித்திரையை ஒட்டித் தேர் ஓடும்போது வெளியூர்களில் வேலை பார்க்கும் நயினார்கள் எல்லாம் வந்து வடம் பிடிக்கிறார்கள். செஞ்சியை ஆண்ட அரசுகள் ஒவ்வொன்றாகக் கலைந்துபோயின. இந்த மடம் விளக்கணையாமல் இருக்கிறது. ஆகவே ஊர் வரலாற்றில் கோட்டைக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியாவது இதற்குக் கொடுக்க வேண்டும் என்பேன்.

விழுப்புரம் சாலைப் பக்கம் போனால் மண்டகப்பட்டு. மகேந்திரவர்மன் குடைந்த இந்தக் குகைக்கோயில் அளவில் சிறியது, செய்தியில் பெரியது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் எழுப்பிய கோயில் இது என்று விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயரில் அவனே கல்வெட்டில் பெருமிதத்தோடு அறிவிக்கிறான். அந்தப் பெருமிதம் அவனுக்குத் தகும். வாசலின் இருபுறமும் நிற்கும் துவாரபாலர்களை முதலில் பாருங்கள். பக்கத்திலேயே தளவானூரில் அவனது இன்னொரு குகை, முகப்பில் மகர தோரணத்தோடு இருக்கிறது. பனமலையில் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், ஆடும் சிவனைக் காலை மடித்து நின்று பார்க்கும் உமையின் ஓவியம் சுவரில் எஞ்சியிருக்கிறது. நிறம் மங்கினாலும் அந்த முகத்தின் கனிவு மங்கவில்லை.

இயற்கையைத் தேடி வருகிறவர்களுக்கு மேற்கே பக்கமலைக் காடு. வறண்ட நிலத்திலும் இலையுதிராமல் பசுமை காக்கும் காட்டு வகை அது. கடற்கரைச் சமவெளியில் பெரும்பாலும் அழிந்துபோய், இத்தகைய குன்றுகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்துக் குன்றுகளில் ஊறும் நீர்தான் சங்கராபரணி, நாம் செஞ்சியாறு என்றும் வராகநதி என்றும் அழைப்பது. வீடூர் அணையில் தேங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, புதுச்சேரியருகே கடலில் கலக்கிறது.

அந்த ஆற்றைப் பின்பற்றிப் போனால் திருவக்கரை. வக்கிரகாளியைத் தரிசிக்க வருகிற கூட்டத்தில் பலர், அருகிலிருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் நுழையாமலே திரும்புகிறார்கள். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் அவை. மணலடியில் புதையுண்டு, மரத்தின் திசுவில் சிலிக்கா ஏறி, அணு அணுவாகக் கல்லாகிவிட்டன. கிளையும் வேரும் இல்லாமல் வெறும் அடிமரங்களாகவே கிடப்பதை வைத்து, அவை வளர்ந்த இடம் வேறு என்று புவியியலாளர்கள் கணித்தார்கள். 1781இலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 1940 முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காப்பில் இருக்கும் இடம். தொட்டுப் பார்த்தால் கல்லின் குளிர்ச்சி, கண்ணுக்கு மரத்தின் வரியும் வளையமும் அப்படியே.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. முதல் நாள் கோட்டையும் சிங்கவரமும் திருநாதர்குன்றும். மறுநாள் சித்தாமூர், தொண்டூர், மண்டகப்பட்டு. கல்மரங்களுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை தங்குகிறவர்கள் விடியலிலேயே எழுந்து செஞ்சி ஆட்டுச் சந்தையையும் பார்த்துவிடலாம். சொந்த வண்டி இல்லாதவர்களுக்குத்தான் இந்தச் சுற்று இன்னும் எட்டாமல் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து சனி, ஞாயிறுகளில் இந்த ஊர்களை இணைத்து ஒரு சுற்றுப் பேருந்து விட்டால் போதும். உலக மரபுத் தகுதியை ஒட்டி நாம் அரசிடம் கேட்பவற்றில் அந்தப் பேருந்தையே முதலாவதாக வைக்கிறேன்.