நினைவும் நொதிகளும்: கடல்முயல் முதல் காம்-கைனேஸ் வரை

இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், பாம்பன், இராமேசுவரம் கரைகளில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி போன்ற கடற்பாசிகள் செழித்து வளர்கின்றன. இவற்றைச் சேகரிப்பது அப்பகுதிப் பெண்கள் பலரின் தொழில். பாசியை மேய்ந்து வாழும் ஓர் உயிரும் மன்னார் வளைகுடாவில் உண்டு. ஓடு வெளியே தெரியாத, நத்தை இனத்தைச் சேர்ந்த அந்த மெல்லுடலிக்குக் கடல்முயல் என்று பெயர். தலையில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு உணர்கொம்புகள் முயலின் காதுகளைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. சீண்டினால் ஊதா நிற மையை உமிழும். உணவாகவோ விற்பனைப் பொருளாகவோ மீனவர்களுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. ஆனால் மூளைச் செல்களில் உள்ள நொதிகள் நினைவை எவ்வாறு உருவாக்குகின்றன என்ற கேள்விக்கு முதல் தெளிவான விடை இதன் உறவினத்திடமிருந்தே கிடைத்தது.

1962-இல் பாரிசு சென்ற அமெரிக்க மருத்துவர் எரிக் கண்டெல், அங்கு லாடிஸ்லாவ் டாக் என்பவரிடம் கடல்முயலின் நரம்புகளைக் கையாளக் கற்றார். மனித மூளையின் நினைவை அறிய விரும்புபவர் ஒரு நத்தையைத் தேர்ந்தெடுப்பது வீண்வேலை என்று சக ஆய்வாளர்கள் பலர் எச்சரித்தனர். கண்டெலின் கணக்கு எளிமையானது. மனித மூளையில் பல ஆயிரம் கோடி நரம்பணுக்கள் உள்ளன. கடல்முயலில் ஏறத்தாழ 20,000 மட்டுமே. அவற்றுள் சில ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பெரியவை. வெறும் கண்ணுக்கே தெரிபவை. ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, ஊசி செலுத்தி, மின்துடிப்பை அளக்க முடியும்.

கடல்முயலின் நீர்க்குழலைத் தொட்டால் செவுளை உள்ளிழுக்கும். வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி தந்தபின் தொட்டால் முன்னைவிட வேகமாக இழுக்கும். இந்த எச்சரிக்கை சில நிமிடங்களில் மறையும். இடைவெளி விட்டுப் பலமுறை அதிர்ச்சி தந்தால் நாட்கணக்கில் நீடிக்கும். குறுகிய கால நினைவு, நீண்டகால நினைவு இரண்டும் ஒரே எளிய உயிரில், ஒரே இணைப்பில் காணக்கிடைத்தன. இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடம் நரம்பிணைப்பு எனப்படும். அனுபவத்திற்கு ஏற்ப அதன் வலிமை கூடுவதும் குறைவதும் இணைப்பு நெகிழ்திறன் ஆகும்.

இந்த வலிமையை மாற்றுவது எது? அதிர்ச்சியின்போது செரோடோனின் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. அது உணர்வு நரம்பணுவில் அடினைலைல் சைக்கிளேஸ் என்ற நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி வளைய ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறை உண்டாக்க, அது புரதக் கைனேஸ் ஏ என்ற அடுத்த நொதியை விடுவிக்கிறது. கைனேஸ் என்பது பிற புரதங்களின்மீது பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. இங்கு அதன் செயலால் பொட்டாசியம் வாயில்கள் மூடுகின்றன; மின்துடிப்பு நீள்கிறது; நரம்பிணைப்பில் கூடுதல் செய்திப்பொருள் கொட்டுகிறது. 1980-இல் இந்தக் கைனேசின் செயற்பகுதியை நேரடியாக நரம்பணுவுக்குள் செலுத்தினர். அதிர்ச்சியே தராமல் அதிர்ச்சி தந்ததற்கான மாற்றம் தோன்றியது. நினைவின் வரலாற்றில் இதைவிடத் துணிவான சோதனைகள் அதிகம் இல்லை. கண்டெலுக்கும் மூளைப் புரதங்களில் பாஸ்பேட் ஏற்றத்தை ஆராய்ந்த பால் கிரீன்கார்டுக்கும் 2000-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, டோபமைன் ஆய்வாளர் ஆர்விட் கார்ல்சனுடன் சேர்த்து வழங்கப்பட்டது.

இதே காலத்தில் பழ ஈக்களும் சாட்சி சொல்லின. கற்க இயலாத 'டன்ஸ்' என்ற ஈ வகை 1976-இல் அறிவிக்கப்பட்டது. அதில் பழுதாகியிருந்தது வளைய ஏஎம்பியைச் சிதைக்கும் நொதி என்பது 1981-இல் தெரியவந்தது.

ஆனால் ஓர் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. 1984-இல் பிரான்சிஸ் கிரிக், டிஎன்ஏ அமைப்பைக் கண்டவர்களுள் ஒருவர், அதைச் சுட்டிக்காட்டினார். உடலின் புரதங்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்து புதியவை வந்துவிடுகின்றன. அப்படியிருக்க, சிறுவயதில் பாம்பன் பாலத்தில் இரயில் சென்றதைக் கண்டவருக்கு அறுபது வயதிலும் அது எப்படி நினைவிருக்கிறது? எழுதப்பட்ட தாளே மட்கிப்போகும்போது எழுத்து மட்டும் எங்கே தங்குகிறது?

மறு ஆண்டே ஜான் லிஸ்மன் ஒரு விடையை முன்வைத்தார். தன்மீதே பாஸ்பேட்டை ஒட்டிக்கொள்ளும் கைனேஸ் தொகுதி ஒன்று இருந்தால், பழைய மூலக்கூறு போகுமுன் புதியதற்கும் அந்த அடையாளத்தை இட்டுவிடும். ஆட்கள் மாறினாலும் செய்தி மாறாது. காகிதத்தில் எழுதிய இக்கருத்துக்குப் பொருத்தமான நொதி மூளையிலேயே இருந்தது. அதுவே காம்-கைனேஸ் 2. கால்சியம் நுழைந்தவுடன் விழித்தெழும் இந்நொதி பன்னிரண்டு அலகுகள் கொண்டது. நரம்பிணைப்புகளில் மிகுதியாகக் குவிந்துள்ளது. ஓர் அலகு தன் அண்டை அலகின் 286-ஆம் இடத்திலுள்ள திரியோனினில் பாஸ்பேட்டை ஏற்றினால், கால்சியம் வடிந்த பின்னும் அது ஓய்வதில்லை. பாஸ்பேட் ஏறிய இவ்வகைக் கைனேஸ் கால்சியமின்றியே இயங்குவதை 1985-இல் கடல்முயல் நரம்பணுக்களிலும் கண்டனர்.

1992-இல் இந்நொதியின் மரபணுவை நீக்கிய எலிகள் நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைக் கற்றுக்கொள்ளத் தடுமாறின. 1998-இல் 286-ஆம் இடத்தை மட்டும் மாற்றிய எலிகளும் அவ்வாறே திணறின. மறுபுறம் பாஸ்பேட்டை அகற்றும் பாஸ்பட்டேஸ் நொதிகள் இணைப்பைத் தளர்த்துகின்றன. மறதியும் நொதிகளின் வேலையே.

இந்திய ஆய்வாளர்களின் பங்கு இங்கு முக்கியமானது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உபிந்தர் பல்லா, ரவி ஐயங்காருடன் 1999-இல் வெளியிட்ட கணினி மாதிரி, நொதிகள் ஒன்றையொன்று தூண்டும் சுழற்சியே ஒரு சமிக்ஞையை நீடிக்கச் செய்யும் எனக் காட்டியது. அதற்கு மூன்றாண்டு முன்பு ஆர். வி. ஓம்குமார், அமெரிக்காவில் மேரி கென்னடியின் ஆய்வகத்தில், காம்-கைனேஸ் 2 செயற்படும் ஓர் இடத்தை என்எம்டிஏ ஏற்பியின் என்ஆர்2பி அலகில் கண்டறிந்தார். பின்னர் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில் அந்தப் பிணைப்பையே தொடர்ந்து ஆராய்ந்தார். அந்த அலகைப் பற்றிக்கொண்ட நொதி செயல்நிலையிலேயே பூட்டப்படுகிறது என்று 2001-இல் வேறொரு குழு காட்டியது.

எல்லா அறிவிப்புகளும் நிலைக்கவில்லை. பிகேஎம் சீட்டா என்ற கைனேசைத் தடுத்தால் பழைய நினைவு அழிகிறது என 2006-இல் வந்த செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 2013-இல் அந்நொதியே இல்லாத எலிகளும் நினைவு கொள்வதை இரு குழுக்கள் காட்டின. தடுப்பு மருந்தோ அந்த எலிகளின் நினைவையும் அழித்தது. அதாவது மருந்து வேறெதையோ தாக்கியிருந்தது. வேறொரு கைனேஸ் அதன் இடத்தை நிரப்பியது என ஒரு சாரார் இன்றும் வாதிடுகின்றனர்.

காம்-கைனேசின் கதையிலும் 2023-இல் எதிர்பாராத திருப்பம் வந்தது. கொலராடோ ஆய்வாளர்கள், பிற புரதங்களில் பாஸ்பேட் ஒட்டும் அதன் திறனைத் தடுத்துவிட்டுப் பார்த்தனர். அப்போதும் நரம்பிணைப்பு வலுப்பெற்றது. தன்மீதே பாஸ்பேட் ஏற்றுவதும் என்எம்டிஏ ஏற்பியைப் பற்றிக்கொள்வதுமே போதுமானதாக இருந்தன. நாற்பது ஆண்டுகளாக நொதியாகவே பார்க்கப்பட்ட ஒன்று, இணைப்பு வலுப்பெறும் தொடக்கக் கட்டத்தில் பெரிதும் ஒரு தூணாகவே நின்று வேலை செய்கிறது.