குத்துச்சண்டையில் சுற்றுக் குறைப்பும் எடை பார்த்தலும்: 1982க்குப் பின் வந்த விதிமாற்றங்கள்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் உலகப் பட்டத்துக்கான ஆண்கள் ஆட்டம் இன்று 12 சுற்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அது 15 சுற்றாக இருந்தது. இந்த மாற்றத்துக்குக் காரணமான ஆட்டம் 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் நடந்தது. தென்கொரியாவின் கிம் டுக் கூ, ரே மன்சினியிடம் 14ஆம் சுற்றின் தொடக்கத்திலேயே அடிபட்டு விழுந்தார்; மூளையில் ரத்தம் கட்டி, சில நாட்களில் இறந்தார். அடுத்த மாதமே உலகக் குத்துச்சண்டை கவுன்சில் 15 சுற்றைக் கைவிட்டது. உலகக் குத்துச்சண்டைச் சங்கம் 1987இலும் சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு 1988இலும் அதே வழிக்கு வந்தன. ஓர் உயிர் போனதால் விதி திருந்தியது என்றே இதைச் சொல்லி வருகிறோம். அந்தத் திருத்தம் சிக்கலின் பாதியைத்தான் தொட்டது. அதை ஒட்டி எடை பார்க்கும் நேரத்தில் செய்த மாற்றமோ புதிய ஆபத்துக்கு வழி திறந்தது. சுற்றுகளை மேலும் குறைப்பதா, கூட்டுவதா என்ற விவாதத்துக்கு முன்னால் தராசைக் கவனிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆட்ட நீளத்துக்கு வரம்பு கட்டும் வேலை நூறாண்டுக்கு மேல் நடந்தது. 1867இன் குவின்ஸ்பெரி விதிகள் கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றையும் கொண்டுவந்தன. மொத்தச் சுற்றுகளுக்கு எல்லை வைக்கவில்லை. அதனால்தான் 1893இல் நியூ ஆர்லியன்ஸில் ஆண்டி போவனும் ஜாக் பர்க்கும் 110 சுற்று, ஏழு மணி நேரத்துக்கு மேல் மோத முடிந்தது. 1915இல் ஹவானாவில் ஜாக் ஜான்சன் பட்டம் இழந்த ஆட்டம்கூட 45 சுற்றுக்குத் திட்டமிட்டதுதான். 1920இல் நியூயார்க்கின் வாக்கர் சட்டம் 15 என்று நிறுத்தியது. மற்ற இடங்கள் பின்தொடர்ந்தன. எடைப் பிரிவுகளை 1909இல் லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டாக வகுத்தது. ஆங்கிலேயர் வழியாக இந்த விதிகள் சென்னைக்கும் வந்தன. வடசென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகள் என்ற குத்துச்சண்டைக் குழுக்கள் அவற்றைத் தங்கள் வீரமரபோடு சேர்த்துக்கொண்டு தலைமுறைகளாக வளர்த்தன. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடினார். 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்த சித்தூரும் திருப்பதியும் இந்த விளையாட்டைச் சென்னைப் பக்கத்திலிருந்தே அறிந்திருக்கக் கூடும்.

கிம்மின் மரணத்துக்கு 14ஆம் சுற்று என்ற எண்ணைக் காரணமாகக் காட்டியது புரிந்துகொள்ளக் கூடியதே. உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது அந்தச் சுற்றைத்தான். ஆனால் மற்ற மரணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த எண் பெரிதாகப் படவில்லை. 1962இல் பென்னி பாரெட் விழுந்தது 12ஆம் சுற்றில். 1963இல் டேவி மூர் 10ஆம் சுற்றோடு ஆட்டத்தை இழந்தார். 1980இல் வேல்ஸின் ஜானி ஓவனுக்கு 12ஆம் சுற்று. 12 சுற்று விதி வேரூன்றிய பிறகும் 2005இல் லெவாண்டர் ஜான்சன், 2019இல் மாக்சிம் ததாஷெவ் இருவரும் 11ஆம் சுற்றோடு நிறுத்தப்பட்ட ஆட்டங்களுக்குப் பின் இறந்தார்கள். 13, 14, 15 ஆகியவற்றை வெட்டியதால் களைத்த உடல் வாங்கும் அடிகள் குறைந்தன என்பதை மறுக்கவில்லை. 15க்குத் திரும்பக் கூடாது என்பதே என் முடிவும். ஆனால் கிம்மைப் பற்றி இன்னொரு செய்தியும் பதிவாகியிருக்கிறது. 135 பவுண்டு எல்லைக்குள், அதாவது சுமார் 61 கிலோவுக்குள் வருவதற்காக ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் அவர் கடுமையாக உடலை வற்ற வைத்தார். சுற்று எண்ணைப் பற்றி விவாதித்த அளவுக்கு இந்தச் செய்தியை யாரும் விவாதிக்கவில்லை.

முழுக்கக் கவனிக்காமல் விட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அதுவரை ஆட்ட நாளன்று எடை பார்ப்பதே வழக்கம். வற்றிய உடலோடு மேடையேறுவது ஆபத்து, இழந்த நீரை மீட்க அவகாசம் வேண்டும் என்று 1980களில் எடை பார்த்தலை முந்தைய நாளுக்கு மாற்றினார்கள். நோக்கம் நல்லது. விளைவு தலைகீழானது. மீட்க ஒரு நாள் கிடைக்கிறது என்று தெரிந்ததும், இன்னும் அதிகமாக வற்றலாம் என்று வீரர்களும் பயிற்சியாளர்களும் கணக்குப் போட்டார்கள். 2000 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆர்டுரோ கட்டி, ஜோயி கமாஷ் ஆட்டம் அந்தக் கணக்கை வெளிச்சம் போட்டது. எல்லை 141 பவுண்டு. எடை பார்த்த மறுநாள் இரவு தொலைக்காட்சி நிறுவனத்தின் தராசில் கட்டி 160 பவுண்டு, கமாஷ் 145. ஒரே பிரிவு என்று அறிவித்த ஆட்டத்தில் இருவருக்கும் நடுவே ஏழு கிலோ. இரண்டாம் சுற்றில் நினைவிழந்து விழுந்த கமாஷ் மூளைக் காயத்தோடு ஓய்வு பெற்றார். அவர் தொடுத்த வழக்கில், எடை பார்த்ததில் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் தவறியது என்று ஏற்ற நீதிமன்றம், காயத்துக்கு அதுவே காரணம் என்று நிரூபணமாகவில்லை என இழப்பீட்டை மறுத்தது. தனியொரு காயத்துக்குச் சட்டம் கேட்கும் நிரூபணம் வேறு. விதி வகுப்பவர் பார்க்க வேண்டிய ஆபத்தின் அளவு வேறு. மேடையில் உயிரைப் பறிக்கும் முதன்மைக் காயம் மூளை உறைக்குக் கீழே ரத்தம் கட்டுவது. உடல் வற்றும்போது மூளையைச் சுற்றிய நீர்மமும் குறைந்து, மூளைக்கும் உறைக்கும் இடையே ஓடும் ரத்தக் குழாய்கள் எளிதில் அறுபடலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மறுநாள் குடிக்கும் தண்ணீர் தராசில் உடனே தெரியும். மூளையைச் சுற்றிய இடம் அதே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எடை பார்ப்பதை ஆட்ட நாளுக்கே திருப்பலாம் என்றால், அதற்கு வரும் வலுவான மறுப்பு நம் நாட்டு அனுபவத்திலிருந்தே எழுகிறது. அமெச்சூர் குத்துச்சண்டையில் போட்டி நாள் காலையிலேயே எடை பார்க்கிறார்கள். அங்கே எடைக்குறைப்பு ஒழிந்துவிட்டதா? ஒழியவில்லை. 2018இல் போலந்தில் மேரி கோம் எடை பார்ப்பதற்கு முன்பிருந்த நான்கு மணி நேரத்தில் கயிறு தாண்டியே இரண்டு கிலோ குறைத்து, தங்கமும் வென்றார். 52 கிலோவில் 2022இல் உலகப் பட்டம் வென்ற நிக்கத் ஜரீன், பாரீஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு இல்லாததால் 50 கிலோவுக்கு இறங்கினார். தோற்ற பிறகு, எடைக்காக இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கண்ணீரோடு சொன்னார். மல்யுத்தத்தில் வினேஷ் போகாட் இறுதிப்போட்டி நாள் காலையில் 100 கிராம் கூடியதால் வெளியேறியதை நாடே பார்த்தது. ஆக, நேரத்தை மட்டும் திருப்பி வைத்தால் வற்றிய உடலோடு மேடையேறும் பழைய ஆபத்துதான் மிஞ்சும் என்கிறார்கள். இந்த மறுப்பு நியாயமானது. முந்தைய நாள், அதே நாள் என்ற இரண்டு முறைகளிலும் ஒரே குறை இருக்கிறது: இரண்டும் கிலோவைப் பார்க்கின்றன, அந்தக் கிலோவுக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்த பிறகே மூட்டையைத் தராசில் ஏற்றுகிறார்கள். மனித உடலுக்கும் அத்தகைய சோதனை உண்டு, நடைமுறையிலும் இருக்கிறது. 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர் எடை குறைக்கும் முயற்சியிலேயே இறந்தார்கள். அதன்பின் அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பு மூன்று காரியங்களைச் சேர்த்தே செய்தது: பருவத் தொடக்கத்தில் சிறுநீர் அடர்த்தி 1.020க்கு மேல் போகாத நிலையில் குறைந்தபட்ச எடையைச் சான்றளித்தது. எடை பார்ப்பதை ஆட்டத்தை ஒட்டிக் கொண்டுவந்தது. ரப்பர் உடையும் நீராவி அறையும் கூடாது என்றது. அதிரடியாக எடை குறைப்பது அங்கே குறைந்ததைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2015இல் மணிலாவில் சீன வீரர் யாங் ஜியான் பிங் எடை குறைக்கும்போது இறந்தபின் ஒன் சாம்பியன்ஷிப் என்ற கலப்புச் சண்டைப் போட்டி நிறுவனமும் நீர்ச்சத்துச் சோதனையைச் சேர்த்தது. தொழில்முறைக் குத்துச்சண்டை அரை வழியில் நிற்கிறது. சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு பட்ட ஆட்ட நாள் காலையில் மறுபடி எடை பார்த்து, எல்லைக்கு மேல் 10 பவுண்டு வரை விடும் விதியை வகுத்தது. ஒரே இரவில் நாலரைக் கிலோ ஏறலாம் என்று விதியே ஒத்துக்கொண்டது என்றால், முந்தைய நாள் தராசு காட்டிய எண் யாருடைய எடை?

சுற்றுகளை மேலும் குறைக்கலாம் என்ற வாதம் ஜப்பானிலிருந்து வருகிறது. 2025 ஆகஸ்ட் 2 அன்று டோக்கியோ கொரகுவென் அரங்கில் ஒரே நிகழ்ச்சியில் ஆடிய ஷிகெதோஷி கோட்டாரி, ஹிரோமாசா உரகாவா இருவரும் மூளைக் காயத்தால் ஒரு வாரத்துக்குள் இறந்தார்கள். ஜப்பான் குத்துச்சண்டை ஆணையம் கிழக்காசிய பசிபிக் பட்ட ஆட்டங்களை 12இலிருந்து 10 சுற்றாகக் குறைத்தது. கோட்டாரி 12 சுற்றும் ஆடியவர் என்பதால் அந்த முடிவில் பொருள் இருக்கிறது. ஆனால் உரகாவா ஆடியது 8 சுற்று ஆட்டம். 10 என்ற எல்லை அவரைக் காப்பாற்றியிருக்காது. எதிர்ப்பக்கம் நிற்பவர்கள், ஜோ லூயிஸ் 1941இல் பில்லி கானை 13ஆம் சுற்றில் வென்றதையும் மணிலாவில் 1975இல் அலியும் ஃப்ரேசியரும் 14 சுற்று மோதியதையும் காட்டி, கடைசிச் சுற்றுகளில்தான் வீரனின் தரம் தெரியும் என்கிறார்கள். அந்த மணிலா ஆட்டத்தில் ஃப்ரேசியரை 15ஆம் சுற்றுக்கு அனுப்பாமல் நிறுத்தியவர் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச். அந்த ஆட்டத்தின் பெருமையில் அவர் முடிவுக்கும் பங்கு உண்டு.

உலகப் பட்டங்களை விட்டு, நம் பக்கத்துச் சித்தூரிலும் திருப்பதியிலும் இந்தச் சுற்று, எடை விதிகள் யாரைத் தொடும் என்று பார்த்தால், 12 சுற்று ஆடுபவர்களை அல்ல. மாவட்டத் தேர்வுக்கு வரும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளை. அவர்களுக்கு மூன்று சுற்றுதான். சுற்று விவாதமே அவர்களைத் தொடாது. தராசு தொடும். கீழ்ப் பிரிவில் எதிராளி சிறியவனாக இருப்பான் என்ற ஆசையில் எச்சில் துப்பியும் ஸ்வெட்டர் போட்டு ஓடியும் வெயிட் இறக்குவது இந்த விளையாட்டின் அடிமட்டம் வரை இறங்கிய பழக்கம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதி வெயிலில் அப்படி ஓடும் சிறுவனுக்கு, மேடையேறும் முன்பே உயிராபத்து இருக்கிறது. செலவு அதிகம் என்ற ஆட்சேபம் இங்கே செல்லாது: சிறுநீர் அடர்த்தி பார்க்கும் கைக்கருவி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே எட்டும் விலைதான், அதை இயக்க ஒரு செவிலியர் போதும். பயிற்சிப் பருவம் தொடங்கும்போது, நன்றாகத் தண்ணீர் குடித்த உடம்போடு ஒவ்வொரு பிள்ளையையும் ஒருமுறை நிறுத்தி, குறைந்தபட்ச எடையை அட்டையில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்த எண்ணுக்குக் கீழான பிரிவில் அந்த ஆண்டு முழுக்க அந்தப் பெயரைப் பதிய எந்தப் பயிற்சியாளருக்கும் அனுமதி கூடாது.