26 நாளில் ஒரு நாவல்: அன்னா என்ற சுருக்கெழுத்தாளர்

வேலை முழுசா முடியட்டும், அப்புறம் காட்டலாம் என்று நினைக்கிற ஆள் நான். தனியாக எடுத்துச் செய்த ஒரு ப்ராஜெக்ட்டில் மூன்று வாரம் சத்தமே காட்டாமல் இருந்தேன். கடைசியில் சொன்ன தேதியில் கொடுத்தும் வாடிக்கையாளர் திரும்ப வரவில்லை. ஏன் என்பது சுருக்கெழுத்தின் வரலாற்றைத் துருவியபோதுதான் புரிந்தது.

1865இல் கடனில் மூழ்கியிருந்த தஸ்தயேவ்ஸ்கி, பதிப்பாளர் ஸ்தெல்லோவ்ஸ்கியிடம் 3,000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டார். 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் ஒன்று தர வேண்டும். தவறினால் ஒன்பது வருடத்துக்கு அவர் எழுத்தை எல்லாம் ஸ்தெல்லோவ்ஸ்கி காசு கொடுக்காமலே அச்சிட்டுக்கொள்ளலாம். 'குற்றமும் தண்டனையும்' தொடராக வந்துகொண்டிருந்ததால், அக்டோபர் பிறந்தும் இந்த நாவலில் ஒரு வரிகூட எழுதவில்லை!

சுருக்கெழுத்தாளரை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் நண்பர்கள். ரஷ்யாவில் அப்போது அது புதுத் தொழில். ஆசிரியர் ஓல்கின் தன் சிறந்த மாணவியை அனுப்பினார். பெயர் அன்னா ஸ்னீத்கினா, வயது 20. அப்பா அந்த வருடம்தான் இறந்திருந்தார். மொத்த வேலைக்கும் கூலி 50 ரூபிள்.

அக்டோபர் 4, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி. முதல் நாளே திட்டு. பரீட்சை மாதிரி ஒரு பத்திரிகையிலிருந்து வேகமாகச் சொன்னார். அன்னா எழுதிக்காட்டியதில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது, அதற்கே கோபம். அன்னா மறுநாளும் போனார்.

அதன்பின் தினமும் இதே நடைமுறை. பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரை அவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுப்பது, வீட்டுக்கு வந்து நல்ல படியாக எழுதுவது, மறுநாள் கையோடு கொண்டுபோய்க் கொடுப்பது. எத்தனை பக்கம் ஆச்சு, இன்னும் எவ்வளவு பாக்கி என்று தஸ்தயேவ்ஸ்கி கேட்டுக்கொண்டே இருப்பாராம். பக்கங்கள் கூடக் கூட, முடியாது என்றிருந்தவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அக்டோபர் 29இல் 'சூதாடி' முடிந்தது.

கெடு நாளில் ஸ்தெல்லோவ்ஸ்கி ஊரிலேயே இல்லை. அலுவலகத்திலும் வாங்க மறுத்துவிட்டார்கள். இப்படி ஏதாவது நடக்கலாம் என்று அன்னா வீட்டில் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்து வைத்திருந்தார்கள். அவர் சொன்ன வழிப்படியே காவல் நிலையத்தில் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து ரசீது வாங்கினார் தஸ்தயேவ்ஸ்கி. அப்போது இரவு 10 மணி. கெடு முடிய இரண்டே மணி நேரம்!

'குற்றமும் தண்டனையும்' நாவலின் கடைசிப் பகுதிக்கும் அன்னாவையே கூப்பிட்டார். 1867 பிப்ரவரியில் கல்யாணமும் ஆனது. பின்னாளில் அவர் புத்தகங்களை அன்னாவே பதிப்பித்து விற்றார்.

கல்யாணத்தை விடுங்க. எனக்கு உறைத்தது அந்தத் தினசரிப் பக்கக் கணக்குதான். அன்னா கடைசி நாளில் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தால், அந்தப் பதற்றத்தில் தஸ்தயேவ்ஸ்கியால் அடுத்த அத்தியாயத்தைச் சொல்லியிருக்க முடியுமா? என் வாடிக்கையாளரும் அந்த மூன்று வாரம் அப்படித்தான் தவித்திருப்பார். இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால், அன்றைக்கு முடிந்தது எவ்வளவு என்று இரண்டு வரி அனுப்பிவிட்டுத்தான் லேப்டாப்பை மூடுகிறேன்.