பை சுமந்தவர்கள் வென்ற கோப்பை

மெல்போர்ன்காரரான பீட்டர் தாம்சன் பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் போட்டியை ஐந்து முறை வென்றவர். 1954, 55, 56 என மூன்று வருடம் தொடர்ந்து அந்தக் கோப்பையைக் கையில் வைத்திருந்தார். ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்வந்த வழியில் இந்தியா அவருக்குப் பழக்கமாகியிருந்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழைமையான கோல்ஃப் கிளப் இங்கேதான் இருக்கிறது: 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா. நல்ல மைதானங்களும் இருந்தன, நன்றாக ஆடுகிறவர்களும் இருந்தார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்து மோதும் ஒரு தேசியப் போட்டிதான் இல்லை. தாம்சன் கொடுத்த ஊக்கத்தில் 1964-ல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் முதல் இந்தியன் ஓபன் நடந்தது. வென்றவரும் தாம்சன்தான். 1966-லும் 1976-லும் மறுபடி வந்து ஜெயித்தார்.

இடையில் 1965-ல் ஓர் அதிசயம் நடந்தது. கல்கத்தாவில் நடந்த இரண்டாவது போட்டியை பி.ஜி. சேத்தி வென்றார். பில்லூ சேத்தி என்றால் பழைய கோல்ஃப் ரசிகர்களுக்குத் தெரியும். அவர் அமெச்சூர், அதாவது பரிசுப் பணத்துக்கு ஆடாதவர். இந்தப் போட்டியை வென்ற ஒரே அமெச்சூர் அவர்தான். அதற்குப் பிறகு 26 வருடங்களுக்குக் கோப்பை இந்தியர் கைக்கு வரவேயில்லை. 1967-லும் 68-லும் ஜப்பானின் கென்ஜி ஹோசோயிஷி வென்றார். 1970-ல் போட்டி ஆசியச் சுற்றில் சேர்ந்தது. அப்புறம் தைவான்காரர்களும் ஆஸ்திரேலியர்களும் அமெரிக்கர்களும் வந்து கோப்பையைக் கொண்டுபோனார்கள். பின்னாளில் அமெரிக்க ஓபனை இரண்டு முறை வென்ற பெய்ன் ஸ்டூவர்ட் 1981-ல் இங்கே ஜெயித்தவர்தான்.

அன்றைய இந்தியாவில் கோல்ஃப் பெரிய அதிகாரிகள், ராணுவத்தினர், கம்பெனி மேலாளர்களின் பொழுதுபோக்கு. ஆனால் ஒவ்வொரு உறுப்பினருக்குப் பின்னாலும் பையைச் சுமந்துகொண்டு ஒருவர் நடந்தார். அவர் கேடி. பெரும்பாலும் பக்கத்துக் குடியிருப்புப் பையன். பதினான்கு மட்டைகள் வரை உள்ள பையைத் தூக்குவதோடு அவர் வேலை முடிவதில்லை. பந்து எங்கே விழுந்தது என்று கண் வைக்க வேண்டும், எத்தனை கஜம் மிச்சம் என்று சொல்ல வேண்டும், காற்று எந்தப் பக்கம், குழியைச் சுற்றியுள்ள கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்பதையும் பார்த்து வைக்க வேண்டும். நூறு பேரின் தவறுகளைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கு எந்தப் பயிற்சியாளரும் தர முடியாத ஒரு படிப்பு கிடைக்கிறது. இந்தப் போட்டியின் பிற்கால வரலாற்றை எழுதியது அந்தப் படிப்புதான் என்பது என் உறுதியான எண்ணம்.

டெல்லி மைதானத்தைப் பார்த்தால் அந்தப் படிப்பின் மதிப்பு விளங்கும். முகலாயர் காலக் கல்லறை மண்டபங்களுக்கு நடுவே, மயில்கள் திரிகிற இடம். பந்தை அடித்துச் செல்லும் புல்பாதையான ஃபேர்வே குறுகலானது. இரண்டு பக்கமும் அடர்ந்த புதர். அதற்குள் போன பந்து கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் அடிக்க முடியாமல், அபராதம் ஏற்றுக்கொண்டு வெளியே எடுத்து வைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு தூரம் அடிக்கிறோம் என்பதைவிட எந்த இடத்தில் பந்தை நிறுத்துகிறோம் என்பதே அங்கே முக்கியம். அதனால் பெரிய ஆட்டக்காரர்களும் தூரமாக அடிக்க உதவும் டிரைவர் மட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு இரும்பு மட்டையால் தொடங்குவார்கள்.

அதே டெல்லி கிளப்பில் கேடியாக இருந்தவர் அலி ஷேர். 1991-ல் தன் சொந்த மைதானத்திலேயே இந்தியன் ஓபனை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அதை வென்ற முதல் இந்தியர் அவர். அந்த ஒரு வெற்றி பல கதவுகளைத் திறந்தது. 1993-ல் அவரே மறுபடியும் வென்றார். 1998-ல் கல்கத்தாவின் ஃபிரோஸ் அலி, 2002-ல் லக்னோவின் விஜய் குமார், 2009-ல் பெங்களூரில் பை சுமந்து வளர்ந்த முனியப்பா என்று வரிசை நீண்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் வென்றார்கள், மறுப்பதற்கில்லை. 1999-ல் அர்ஜுன் அட்வால். 2000, 2006, 2007 என மூன்று முறை வென்று தாம்சனுக்குச் சமமாக நின்றவர் ஜோதி ரந்தாவா, ராணுவ அதிகாரி ஒருவரின் மகன்.

ஆனால் என் மனம் நிற்பது எஸ்.எஸ்.பி. சௌராசியாவிடம். ராயல் கல்கத்தாவில் புல்வெளியைப் பராமரித்தவரின் மகன். கேடியாகத் தொடங்கி, யாரிடமும் முறையாகப் பாடம் கேட்காமல் தானாகவே ஆடக் கற்றவர். 1999-ல் அதே கல்கத்தா மைதானத்தில் அட்வாலுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தபோது அவருக்கு வயது 21. கோப்பை கைக்கு வர மேலும் 17 வருடங்கள் ஆயின. அதற்குள் மேலும் மூன்று முறை இரண்டாமிடம். 2015-ல் பட்டது கொஞ்சநஞ்ச வேதனை அல்ல. கடைசி நாளை முன்னணியில் தொடங்கியவரை, ஏழு அடி (ஸ்ட்ரோக்) பின்தங்கியிருந்த இன்னொரு இந்தியரான அனிர்பன் லஹிரி எட்டிப் பிடித்தார். இருவரும் சமமாக முடித்து, கூடுதல் ஆட்டமான பிளே ஆஃபில் லஹிரி ஜெயித்தார்.

மறு வருடம், 2016-ல், அதே டெல்லி மைதானத்தில் சௌராசியா வென்றார். இரண்டு அடி பின்னால் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் லஹிரியும் ஒருவர்.

சௌராசியா தூரமாக அடிக்கிறவர் அல்ல. குறுகலான டெல்லி மைதானம் அவருக்கு வாகாக அமைந்துவிட்டது என்று சொல்ல இடமிருந்தது. 2017-ல் போட்டி குர்காவ்னுக்கு மாறியது. கேரி பிளேயர் வடிவமைத்த டி.எல்.எஃப். மைதானம்: நீளமானது, மேடும் பள்ளமுமான கிரீன்கள், ஐரோப்பிய ஆட்டக்காரர்களே திணறிய இடம். அங்கே அவர் ஏழு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். பந்தைக் கிரீனுக்கு அருகே கொண்டுபோய்விட்டால் மிச்சத்தை முடிக்கும் அவருடைய கை சிறு வயதிலிருந்தே பழகியது. அதற்கு எந்த மைதானமும் ஒன்றுதான்.

2018 முதல் 2025 வரை இந்தியர் எவரும் வெல்லவில்லை. கொரோனாவால் மூன்று வருடம் போட்டியே நடக்கவில்லை. 2023-ல் ஜெர்மனியின் மார்செல் சீம், 2024-ல் ஜப்பானின் கெய்டா நகாஜிமா, 2025-ல் ஸ்பெயினின் யூஜினியோ சகாரா வென்றார்கள். அடுத்த வாரம் 2008-க்குத் திரும்புவோம். ஐரோப்பியச் சுற்றின் போட்டி முதன்முதலாக இந்தியாவுக்கு வந்த வருடம் அது. டெல்லியில் நடந்த அந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றவரும் சௌராசியாதான்.

(தொடரும்)