சேற்றுக்குள்ளிருந்து வந்த சத்தம்: ஜோர்ஜியாவின் மெட்டல் வரலாறு

மெட்டல் எண்டாலே வேகம், கத்தல், தலையாட்டல் எண்டு நினைக்கிற ஆக்கள் எங்களுக்குள்ள கனபேர். ஆனால் அந்த இசையின் வேர் மெதுவானது. 1965இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில், தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த 17 வயதுப் பொடியன் ஒருவனின் வலக்கை இயந்திரத்துக்குள் அகப்பட்டது. இரண்டு விரல்களின் நுனிகள் போய்விட்டன. அவர்தான் பின்னாளில் பிளாக் சபத் இசைக்குழுவின் கிற்றார் கலைஞரான ரோனி அயோமி. இடக்கைக்காரரான அவருக்குத் தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்தார், மெல்லிய தந்திகளைப் போட்டார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஒஃப் ரியாலிட்டி' அல்பத்தில் சுருதியையே கீழே இறக்கினார். தந்தி தளர, சத்தம் கனத்தது. 'டூம்' என்று இன்று நாங்கள் சொல்கிற பாணியின் தொடக்கம் அதுதான்.

இன்னொரு வேர் பங்க் இசையில் இருக்கிறது. கலிபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் குழு வேகத்துக்குப் பேர்போனது. 1984இல் அவர்கள் 'மை வோர்' அல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஆறு நிமிடத்துக்கும் மேல் நீளுகிற மூன்று மெதுவான பாட்டுக்களைப் போட்டார்கள். ரசிகர்கள் பலருக்குக் கோபம். ஆனால் வொஷிங்டன் மாநிலத்தின் மெல்வின்ஸ் குழுவுக்கும், 1988இல் நியூ ஓர்லியன்ஸில் தொடங்கிய ஐஹேற்கோட் குழுவுக்கும் அதில் ஒரு வழி தெரிந்தது. பங்கின் கோபத்தையும் சபத்தின் கனத்தையும் ஒன்றாய்ப் பிசைந்தார்கள். அதற்கு வந்த பேர் 'ஸ்லட்ஜ்'. எங்கட பாசையில சொன்னால் சேறு, சகதி.

இந்த இரண்டு வேரும் எப்படி அமெரிக்காவின் தெற்கில், ஜோர்ஜியா மாநிலத்தில் போய் முளைத்தன? ஒரு சங்கிலியைப் பாருங்கள். ஸ்லீப் என்ற கலிபோர்னியக் குழுவுக்கு 90களில் பெரிய நிறுவனமொன்றின் ஒப்பந்தம் கிடைத்தது. அவர்கள் பதிந்து கொடுத்ததோ ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் ஓடுகிற ஒரேயொரு பாட்டு. நிறுவனம் அதை வெளியிடவில்லை, குழு உடைந்தது. அதன் கிற்றார் கலைஞர் மற் பைக் 'ஹை ஒன் ஃபயர்' என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். அந்தக் குழு அற்லாண்டாவில் வாசித்தபோது, நியூயோர்க் மாநிலத்திலிருந்து வந்திருந்த பிரான் டெய்லரும் பில் கெலிஹரும் பிரென்ற் ஹைன்ட்ஸையும் ட்ரோய் சாண்டர்ஸையும் சந்தித்தார்கள். 2000இல் 'மஸ்டொடொன்' உருவானது. வரலாற்றுப் புத்தகங்கள் 'செல்வாக்கு' என்று ஒரு சொல்லில் கடந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: ஆக்கள் இடம்மாறுகிறார்கள், ஒரு சின்ன இடத்தில் ஆளையாள் சந்திக்கிறார்கள்.

அதே மாநிலத்தின் கரையோரத்தில் சவன்னா என்றொரு பழைய துறைமுக நகரம். 2001இல் அங்கே 'கைலீசா' தொடங்கியது. இந்தப் பேர் பௌத்தத்தின் 'கிலேச' என்ற பாளிச் சொல்லிலிருந்து வந்தது. மனதைக் கலக்குகிற அழுக்குகள் என்று பொருள். தமிழில் நாங்கள் 'கிலேசம்' என்பதும் இதன் உறவுச் சொல்தான். பிறகு இந்தக் குழு இரண்டு டிரம்ஸ் கலைஞர்களை ஒரே நேரத்தில் வாசிக்கவைத்தது. 2003இல் 'பரோனஸ்', 2005இல் 'பிளாக் டஸ்க்'. பரோனஸின் 2007ஆம் ஆண்டு 'ரெட் அல்பம்' கைலீசாவின் ஃபிலிப் கோப் தயாரித்தது. பரோனஸின் பாடகர் ஜோன் பெய்ஸ்லி ஓவியரும்கூட. கைலீசாவுக்கும் பிளாக் டஸ்க்குக்கும் அட்டைப்படம் வரைந்தவர் அவர்தான். போட்டியாளர்கள் என்பதை விட அயலட்டைச் சனம் மாதிரி.

சைக்கடெலிக்கும் புரோகிரசிவும் இந்தச் சேற்றுக்குள் கலந்ததன் உச்சம் எண்டால், என்னளவில் அது மஸ்டொடொனின் 2009ஆம் ஆண்டு 'கிராக் த ஸ்கை'. 2004இல் 'மொபி டிக்' நாவலை வைத்து 'லெவியதான்' செய்தவர்கள், இதில் ஆவியாய் அலைகிற ஒரு பையனையும் ரஸ்புடினையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தார்கள். மொத்தம் ஏழு பாட்டு, கடைசிப் பாட்டு 13 நிமிடம். தலைப்பில் இருக்கிற ஸ்கை, 14 வயதில் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட பிரான் டெய்லரின் சகோதரி. புரோகிரசிவ் இசை வித்தை காட்டுகிற இசை எண்டு சொல்கிறவர்கள் இதைக் கேட்கவேண்டும். நேராய்ச் சொல்ல முடியாத ஒரு சாவைச் சுற்றிச் சுற்றி வருவதற்குத்தான் அந்த நீளம் தேவைப்பட்டிருக்கிறது.

பிறகும் துக்கம் இவர்களை விடவில்லை. 2012இல் இங்கிலாந்தின் பாத் நகருக்குக் கிட்ட பரோனஸின் பஸ் பாலத்திலிருந்து கீழே விழுந்தது. பெய்ஸ்லியின் கையும் காலும் உடைந்தன. காயப்பட்ட இரண்டு பேர் அடுத்த வருடம் குழுவை விட்டு விலகினார்கள். 2014இல் பிளாக் டஸ்க்கின் ஜொனதன் ஏதன் மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்தார். 2025 ஓகஸ்டில், மஸ்டொடொனைப் பிரிந்து சில மாதங்களே ஆன பிரென்ற் ஹைன்ட்ஸும் அப்படியே போனார்.

ஆனால் வரலாற்றை இந்த இடத்தில் நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். பிளாக் சபத் 1968இல் தொடங்கியது ஒரு ப்ளூஸ் குழுவாக. ப்ளூஸ், அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. 1859 மார்ச்சில் இதே சவன்னாவின் குதிரைப் பந்தயத் திடலில், தோட்ட முதலாளி ஒருவரின் கடனை அடைக்க நானூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் இரண்டு நாளில் ஏலம் விடப்பட்டார்கள். 'அழுகையின் காலம்' என்று அது நினைவுகூரப்படுகிறது. அந்த மக்களில் பலர் வேலை செய்தது நெல் வயல்களில், அதாவது உண்மையான சேற்றில்.

தெற்கில் பிறந்த கனம் கடல்தாண்டிப் பேர்மிங்ஹாம் போய், தொழிற்சாலைப் பொடியன்களின் கையில் இரும்பாகி, முப்பது வருடம் கழித்துத் தெற்குக்கே திரும்பியிருக்கிறது. திரும்பி வந்தபோது அதை வாசித்தவர்களில் பெரும்பாலானவர்கள் வெள்ளையர்கள். அவர்களின் துக்கம் பொய்யில்லை. ஆனால் அந்தத் துக்கத்தைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த மொழி வேறு ஆக்களின் துக்கத்தில் செய்தது. அந்த ஆக்களின் பேர் எந்த அல்பத்தின் அட்டையிலும் இல்லை.

இதைச் சொல்வதால் இந்த இசையைக் கேட்கக்கூடாது எண்டு அர்த்தமில்லை. கேளுங்கள். சத்தத்தைக் கூட்டி வைத்தே கேளுங்கள். ஆனால் கிற்றார் அவ்வளவு கீழே இறங்குகிறபோது அதற்குக் கீழேயும் ஒரு நிலம் இருக்கிறது, அதில் வேலை செய்த ஆக்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.